எம்.எல்.ஏ. நிதியில் முறைகேடு என்று சந்தேகமா? முதலில் பேப்பர், அப்புறம் டேப், கடைசியில்தான் புகார்: ஒரு முழு வழிகாட்டி

தெருவில் பேவர் பிளாக் போடுகிறார்கள், ஆறு மாதத்தில் பெயர்கிறது. "எல்லாத்தையும் எம்.எல்.ஏ. அடிச்சிட்டாரு" என்று டீக்கடையில் பேச்சு ஓடுகிறது, கோபம் தாங்காமல் ஒருவர் முதல்வரிலிருந்து தாசில்தார் வரை பதினோரு பேருக்கு ஒரே புகாரைத் தட்டிவிடுகிறார். மூன்று மாதம் கழித்து "புகாருக்கு முகாந்திரம் இல்லை, மனு முடித்துவைக்கப்பட்டது" என்று ஒரு வரிப் பதில் வருகிறது. அதோடு அவர் இந்தப் பக்கமே திரும்புவதில்லை.

இப்படி நல்ல புகார்கள் செத்துப்போவதைப் பல தடவை கூட இருந்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் தப்பு ஒன்றுதான்: வரிசை மாறிவிடுகிறது. புகார் முதலில் போய், ஆவணம் தேடுவது பின்னால் நடக்கிறது. கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். தமிழ்நாட்டின் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியை வைத்தே சொல்கிறேன். மற்ற திட்டங்களுக்கும் வழி ஏறக்குறைய இதேதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு. எந்தத் தேதியில் எந்த அலுவலகத்துக்கு எதை அனுப்பினீர்கள், என்ன பதில் வந்தது என்று அதில் மட்டும் எழுதுங்கள். பின்னாடி கெடு கணக்கிடுவதற்கும் வழக்கறிஞரிடம் சொல்வதற்கும் இந்த நோட்டுதான் உதவும். நினைவை நம்பி இறங்கியவர்கள் மேல்முறையீட்டுக் கெடுவைத் தவறவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

30 மீட்டர் டேப், ஒரு சின்ன ஸ்கேல், தேதி, இடம் பதியும் கேமரா உள்ள போன். கூடவே நம்பிக்கையான இன்னொரு ஆள். தனியாக அளந்தால் சாட்சி இல்லை.

மனுக்களை உங்கள் சொந்தப் பெயரில் எழுதுங்கள், சங்கத்தின் லெட்டர்ஹெட் வேண்டாம். தகவல் பெறும் உரிமை குடிமக்களுக்குத்தான் இருக்கிறது, சங்கம் கேட்கமுடியாது என்று மனுவைத் திருப்பி அனுப்ப அவர்களுக்கு ஒரு காரணம் கொடுக்க வேண்டாம்.

2. ஒரே ஒரு வேலையைப் பிடியுங்கள்

"5 வருடத்தில் செய்த எல்லா ஊழலும்" என்று தொடங்கினால் எங்கும் போய்ச் சேராது. ஒரு நிழற்குடை, ஒரு சிமென்ட் ரோடு, ஒரு சமுதாயக்கூடம், ஏதாவது ஒன்று. உங்களால் நடந்து போய்ப் பார்க்க முடிகிற, பயன்படுத்துகிற ஆட்களிடம் பேச முடிகிற வேலையாக இருக்கட்டும்.

இந்த நிதி எப்படி நகர்கிறது என்று தெரிந்தால்தான் எந்தப் பேப்பரைக் கேட்பது என்று தெரியும். தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், 234 தொகுதிக்கும் சேர்த்தால் ஆண்டுக்கு 702 கோடி. இந்தப் பணம் எம்.எல்.ஏ. கைக்கு வருவதே இல்லை, புதியவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். எம்.எல்.ஏ. வேலையைப் பரிந்துரைக்கிறார், மாவட்ட ஆட்சியர் நிர்வாக அனுமதி தருகிறார், ஊராட்சி ஒன்றியமோ பேரூராட்சியோ நகராட்சியோ வேலையை நடத்துகிறது, பொறியாளர் அளந்து எழுதுகிறார், அதை வைத்து ஒப்பந்தக்காரருக்குப் பில் பாஸாகிறது.

அப்படியென்றால் ரோடு மோசம் என்பது மட்டும் எம்.எல்.ஏ.வுக்கு எதிரான ஆதாரம் இல்லை. அது முதலில் பொறியாளருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் எதிரான ஆதாரம்தான். அங்கிருந்து அரசியல்வாதி வரை போவதற்குத் தனியாக ஒரு வேலை இருக்கிறது, 6-ஆவது படியில் சொல்கிறேன்.

3. தகவல் உரிமை மனு: காரணம் கேட்காதீர்கள், ஆவணம் கேளுங்கள்

புகாருக்கு முன் இந்தப் படி வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் பிரிவு 8(1)(எச்) என்று ஒன்று உண்டு, விசாரணைக்கு இடையூறாகும் தகவலைத் தர மறுக்கலாம் என்கிறது. நீங்கள் முதலில் புகார் கொடுத்து, விசாரணை என்று ஒன்று பேருக்காவது தொடங்கிவிட்டால், அப்புறம் கேட்கிற எல்லா ஆவணத்துக்கும் "விசாரணையில் உள்ளது" என்று பதில் வரும். வெறுமனே விசாரணை நடக்கிறது என்பது மட்டும் மறுப்பதற்குப் போதுமான காரணம் இல்லைதான், ஆனால் அதை மேல்முறையீட்டில் நிரூபிப்பதற்குள் வருடம் ஓடிவிடும்.

கேட்க வேண்டியவை இவை: எம்.எல்.ஏ.வின் பரிந்துரைக் கடிதம், ஆட்சியரின் நிர்வாக அனுமதி ஆணை, மதிப்பீடு, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர் அறிவிப்பு, வந்த விலைப்புள்ளிகளின் ஒப்பீட்டுப் பட்டியல், ஒப்பந்தம், வேலை உத்தரவு, அளவுப் புத்தகத்தின் சம்பந்தப்பட்ட பக்கங்கள், தரப் பரிசோதனை அறிக்கை, பில், பயன்பாட்டுச் சான்றிதழ். இதில் உயிரே அளவுப் புத்தகத்தில்தான் இருக்கிறது, அலுவலகத்தில் எம்-புக் என்பார்கள். நீளம், அகலம், கனம் என்று போட்டு, கீழே பொறியாளர் கையெழுத்து இருக்கும். மற்றதெல்லாம் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்கிற பேப்பர், இது ஒன்றுதான் செய்து முடித்தோம் என்று கையெழுத்துப் போட்டுச் சொல்கிற பேப்பர்.

கூடவே உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை அந்த ஆண்டு எழுப்பிய தணிக்கைத் தடைகளின் (செலவில் குறை இருப்பதாகத் தணிக்கையாளர் எழுதும் குறிப்புகள்) நகலையும் கேளுங்கள். உங்கள் வேலையைப் பற்றி அதில் ஒரு பத்தி இருந்தால், முறைகேடு என்று சொல்வது நீங்கள் அல்ல, அரசின் தணிக்கையாளரே என்று ஆகிவிடும்.

யாருக்கு அனுப்புவது? பரிந்துரை, அனுமதி ஆவணங்களுக்கு மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் பொதுத் தகவல் அலுவலர். எம்-புக், பில் எல்லாவற்றுக்கும் வேலையை நடத்திய ஒன்றியம் அல்லது நகராட்சி. இரண்டு தனி மனுவாகப் போடுங்கள். தலைமைச் செயலகத்துக்கு அனுப்பினால் கனம் கூடும் என்று நினைக்கிறார்கள், அங்கிருந்து பிரிவு 6(3)-இன் கீழ் கீழே அனுப்பப்பட்டு வருவதற்குள் நாள்தான் போகும்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்:

"ஏன் தரமில்லாமல் போட்டீர்கள்?" என்று கேட்பது. அலுவலர் காரணமோ கருத்தோ சொல்லத் தேவையில்லை, பதிவில் இருப்பதைக் கொடுத்தால் போதும். கேள்விக்குறியே இல்லாமல் "நகல் வழங்கவும்" என்று எழுதுங்கள்.

தபால் தலையோ ரெவென்யூ ஸ்டாம்போ ஒட்டுவது. கட்டணம் 10 ரூபாய்தான், ஆனால் அது கோர்ட் ஃபீ ஸ்டாம்பாக இருக்க வேண்டும். வரைவோலையாகவும் செலுத்தலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணமில்லை, சான்றின் நகலை இணையுங்கள்.

எதற்காகக் கேட்கிறோம் என்று ஒரு பக்கம் விளக்குவது. பிரிவு 6(2)-இன்படி காரணம் சொல்லவே தேவையில்லை. சொன்னால், யாரை நோக்கிப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே அறிவித்ததாகிவிடும்.

நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். "ஆவணம் அதிகம், தர இயலாது" என்று சொன்னால், பிரிவு 2(ஜே)-இன் கீழ் நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். கோப்பை மட்டுமல்ல, வேலையையே பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரி எடுக்கவும் அதே பிரிவில் உரிமை இருக்கிறது. இதைக் கேட்பவர்கள் ரொம்பக் குறைவு.

4. முப்பது நாள் கணக்கு

பதில் தர 30 நாள். வராவிட்டாலோ மழுப்பலாக வந்தாலோ, அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு. தமிழ்நாட்டில் இதற்குக் கட்டணம் கிடையாது. அவர் 30 நாளில், அதிகம் போனால் 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதற்கும் பலனில்லை என்றால் 90 நாட்களுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு.

கெடு தாண்டிக் கொடுத்தால் நகலுக்குப் பணம் வாங்கக்கூடாது என்று பிரிவு 7(6) சொல்கிறது, மனுவில் நினைவூட்டுங்கள். தாமதத்துக்கு அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இரண்டாம் மேல்முறையீட்டில் இந்த அபராதத்தைத் தனிக் கோரிக்கையாகக் கேளுங்கள்.

இப்போது நிறையப் பேருக்கு "தனிநபர் தகவல்" என்று மறுப்பு வருகிறது. தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்து தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(1)(ஜே)-ஐ மாற்றியதற்குப் பிறகு இந்தப் பதில் எழுதுவது சுலபமாகிவிட்டது, எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. ஆனாலும் பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது: பொதுநலன் பெரிது என்றால் தகவலைத் தரலாம். முதல் மேல்முறையீட்டிலேயே அந்தப் பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டு, பொதுப் பணம் செலவான வேலை என்று இரண்டு வரி எழுதுங்கள்.

5. எம்-புக்கைக் கையில் வைத்துக்கொண்டு அளப்பது

எம்-புக் நகல் வந்தபிறகுதான் டேப்பை எடுக்க வேண்டும். ஏனென்றால் எங்கிருந்து எங்கே வரை, எத்தனை கனம் என்று அதில்தான் இருக்கிறது.

நான் கூடப் போன ஒரு தெருவைச் சொல்கிறேன். விடியற்காலை ஆறு மணி, வண்டி நடமாட்டம் இல்லாத நேரம். கூட வந்த தம்பி பஸ் நிறுத்தத்திலிருந்து டேப்பைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார், அளவு எம்-புக்கோடு கொஞ்சமும் பொருந்தவில்லை, பெரிய மோசடி என்று குதித்தார். நகலைப் பிரித்துப் பார்த்தால், வேலை தொடங்கும் இடம் பிள்ளையார் கோயில் முனை என்று எழுதியிருந்தது. மறுபடி கோயில் முனையிலிருந்து அளந்தோம். எம்-புக்கில் 142 மீட்டர், தரையில் 118. அகலம் 3 மீட்டர் சரியாக இருந்தது. அப்படியானால் 72 சதுர மீட்டருக்குப் போடாத கல்லுக்குப் பணம் போயிருக்கிறது. முதல் அளவை அப்படியே புகாரில் எழுதியிருந்தால், விசாரிக்க வரும் பொறியாளர் ஒரே நிமிடத்தில் "மனுதாரர் தவறான இடத்திலிருந்து அளந்துள்ளார்" என்று எழுதி மூடியிருப்பார்.

அப்புறம் கனம். மதிப்பீட்டில் 80 மில்லிமீட்டர் கல். சாக்கடை ஓரமாக மண் அரித்து, ஓரக் கல்லின் பக்கவாட்டு முழுசாக வெளியே தெரிந்தது. ஸ்கேலை நட்டு வைத்துப் பார்த்தால் 60. நான்கு இடத்தில் பார்த்தோம், நான்கிலும் 60. ஒவ்வொரு இடத்திலும் மூன்று படம்: ஸ்கேலின் எண் தெரியும்படி கிட்டத்தில் ஒன்று, கல்லும் பக்கத்து வீட்டுச் சுவரும் தெரியும்படி ஒன்று, தெரு முழுவதும் தெரியும்படி ஒன்று. கிட்டத்துப் படம் மட்டும் இருந்தால் எந்தத் தெரு என்று கேட்பார்கள்.

கல்லைப் பெயர்த்து எடுக்காதீர்கள், பொதுச்சொத்துக்குச் சேதம் என்று வழக்கு உங்கள் மேல் திரும்பும். படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு போனிலிருந்து அழித்துவிடவும் கூடாது. நீதிமன்றத்தில் மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் இணைக்க வேண்டும், எடுத்த போனும் மூலக் கோப்பும் இருந்தால்தான் அதைத் தெம்பாகக் கொடுக்க முடியும்.

6. அரசியல்வாதி வரை கயிறு போகிறதா?

இந்தப் படியில்தான் பாதிப் பேர் ஆதாரத்தை விட்டுவிட்டு ஊகத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். மூன்று இடத்தில் தேடுங்கள்.

முதலாவது, சொத்து யாருக்குப் பயன்படுகிறது. பொது நிதியில் போட்ட ரோடு ஒரே ஒரு மனைப் பிரிவுக்குள் போய் முடிகிறதா? சமுதாயக்கூடம் தனியார் அறக்கட்டளை நிலத்தில் நிற்கிறதா? சர்வே எண்ணைக் கண்டுபிடித்து, பட்டா யார் பெயரில் என்று வருவாய்த் துறை இணையதளத்தில் பாருங்கள், பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று பாருங்கள். பரிந்துரைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவரோ அவர் குடும்பமோ அந்த நிலத்தின் கைமாற்றத்தில் இருந்தால், அந்தப் பரிந்துரையே ஆதாரமாக மாறிவிடுகிறது. மூன்று வழியில் எனக்கு மிகவும் பலமாகத் தோன்றுவது இதுதான், ஏனென்றால் இரண்டு பக்கமும் அரசு ஆவணம்.

இரண்டாவது, ஒப்பந்தக்காரர் யார். நிறுவனம் என்றால் இயக்குநர்கள் பெயரை கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பார்க்கலாம், கூட்டு நிறுவனம் என்றால் பதிவுத் துறையில் கூட்டாளிகள் பட்டியல் கிடைக்கும். டெண்டரில் மூன்று பேர் விலை கொடுத்திருந்தால் மூன்று பேரையும் தேடுங்கள். மூன்று பேருக்கும் ஒரே முகவரியாக இருப்பதும் உண்டு. ஒன்றை மட்டும் கவனியுங்கள், அதே சாதி, அதே கட்சி என்பதெல்லாம் தொடர்பு ஆகாது, அதை எழுதினால் மற்ற ஆதாரமும் பலமிழக்கும்.

மூன்றாவது, வேட்பு மனுவோடு தாக்கல் செய்யும் படிவம் 26 பிரமாணப் பத்திரம். தேர்தல் ஆணையத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அடுத்தடுத்த இரண்டு தேர்தல்களின் பத்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவர், மனைவி அல்லது கணவர், சார்ந்திருப்போர் என்று சொத்தையும் கடனையும் ஐந்தாண்டு வருமானத்தையும் அட்டவணை போடுங்கள். சொத்து கூடிவிட்டது என்பது மட்டும் குற்றமில்லை, பழைய நிலத்தின் சந்தை மதிப்பு தானாகவே ஏறும். புதிதாக வாங்கியதைத் தனியாகப் பிரித்து, காட்டிய வருமானத்தோடு ஒப்பிடுங்கள். பத்திரத்தில் மறைத்திருந்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125-ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு.

மூன்றிலும் ஒன்றும் கிடைக்கவில்லையா? அப்போது எம்.எல்.ஏ. பெயரை விட்டுவிட்டு, பொறியாளர், ஒப்பந்தக்காரர் மேல் மட்டும் புகார் கொடுங்கள். கீழே ஒருவர் மாட்டினால், மேலே யார் சொன்னார்கள் என்பது விசாரணையில் வரலாம்.

7. புகார் எழுதுவதும் எங்கே கொடுப்பதும்

இரண்டு பக்கம் போதும். முதல் பத்தியில் வேலையின் பெயர், ஆண்டு, தொகை. அடுத்து எம்-புக் என்ன சொல்கிறது, தரையில் என்ன இருக்கிறது, வித்தியாசம் எவ்வளவு. அப்புறம் யார் கையெழுத்து எதில் இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "இணைப்பு 3, பக்கம் 2" என்று எண் கொடுங்கள், படிக்கிற அதிகாரி தேடக்கூடாது. "கொள்ளையடித்தார்", "ஊழல் பெருச்சாளி" போன்ற சொல் எதுவும் வேண்டாம்.

குற்ற விசாரணைக்கு ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம், நாம் லஞ்ச ஒழிப்புத் துறை என்று சொல்வது. மாவட்டப் பிரிவிலும் கொடுக்கலாம், ஆலந்தூரில் உள்ள தலைமையகத்துக்கும் அனுப்பலாம். ஆளுங்கட்சிப் பிரமுகர் என்றால் தலைமையகத்துக்கே அனுப்புங்கள் என்பது என் யோசனை. இந்தத் துறைக்கு 2008-இல் தகவல் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள், ஆனால் ஊழல் குற்றச்சாட்டு சம்பந்தப்பட்ட தகவலுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று பிரிவு 24(4)-லேயே இருக்கிறது.

முதல்வர், அமைச்சர், எம்.எல்.ஏ. மூவர் மேலும் லோக் ஆயுக்தாவில், அதாவது ஊழல் புகார்களை விசாரிக்கும் மாநில அமைப்பில், புகார் கொடுக்கலாம். 2018-ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கென்று படிவம் உண்டு, உறுதிமொழிப் பத்திரமும் வேண்டும், வெள்ளைத்தாளில் எழுதி அனுப்பினால் திரும்பி வரும். ஒப்பந்தம் சார்ந்த சில விவகாரங்கள் அதன் வரம்புக்கு வெளியே இருக்கின்றன, சட்டத்தை ஒருமுறை படித்துவிட்டு எழுதுங்கள்.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் ஒரு பிரதி கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். ரோட்டைச் சரிசெய்யவும் பணத்தைத் திரும்பப் பிடிக்கவும் அவரால் முடியும், தண்டனைக்கு அது வழியில்லை. இதை மட்டும் செய்துவிட்டு ஓய்ந்துபோகிறவர்கள் அதிகம்.

குற்றப் பிரிவு குறிப்பிடும்போது வேலை நடந்த தேதியைப் பாருங்கள். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்ததென்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டம், 409 (அரசு ஊழியரின் நம்பிக்கை மோசடி), 420 (ஏமாற்றுதல்) என்று வரும். அதற்குப் பிறகென்றால் பாரதிய நியாய சன்ஹிதா, அரசு ஊழியரின் நம்பிக்கை மோசடிக்கு 316(5). ஊழல் தடுப்புச் சட்டம் 13(1)(ஏ) இரண்டு காலத்துக்கும் எழுதலாம், ஆனால் 2018-இல் அந்தப் பிரிவையே மாற்றி எழுதினார்கள் என்பதால் அதற்கு முந்தைய வேலைக்குப் பழைய வடிவத்தைப் பாருங்கள்.

யாராவது லஞ்சம் கேட்டிருந்தால் அது வேறு வழி. கொடுக்கும் முன்பே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போய்விட வேண்டும். கொடுப்பவரும் குற்றவாளிதான் என்று 2018 திருத்தம் சொல்கிறது, கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் புகார் செய்தால் மட்டும் விலக்கு.

8. புகார் போனபின் வாயைக் கட்டுங்கள்

"இன்னார் இவ்வளவு திருடினார்" என்று பேஸ்புக்கில் போட்டால் அவதூறு வழக்கு வரும், அப்புறம் உங்கள் நேரமெல்லாம் அதற்கே போய்விடும். ஆவணத்தில் இருப்பதை மட்டும் அப்படியே சொல்லுங்கள்: எம்-புக்கில் 142, அளந்தால் 118. அது போதும், படிப்பவர்களுக்குப் புரியும்.

மூலப் பிரதிகளை வீட்டில் வைக்காதீர்கள். ஸ்கேன் செய்து இரண்டு நம்பிக்கையான ஆட்களிடம் கொடுத்துவிடுங்கள். மிரட்டல் வந்தால் அன்றே எழுத்தில் காவல் நிலையத்தில் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள், ரசீது தராவிட்டால் எஸ்.பி. அலுவலகத்துக்கு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். தகவல் சொல்வோரைப் பாதுகாக்க 2014-இல் ஒரு சட்டமே நிறைவேற்றினார்கள், அதை இதுவரை நடைமுறைப்படுத்தவே இல்லை. ஆகவே பாதுகாப்பை நாம்தான் யோசிக்க வேண்டும், பெயரும் முகமும் தெரிந்த நான்கு பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுவது ஓரளவு உதவும்.

9. அசையவே இல்லை என்றால்

இரண்டு அனுமதிகள் குறுக்கே வரும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஊழல் தடுப்புச் சட்டம் 17-ஏ, விசாரணை தொடங்குவதற்கே முன் அனுமதி கேட்கிறது, ஓர் அரசு ஊழியர் செய்த பரிந்துரை அல்லது எடுத்த முடிவு பற்றிய குற்றச்சாட்டு என்றால். பிரிவு 19, விசாரணை முடிந்து வழக்கை நீதிமன்றம் ஏற்பதற்கான அனுமதி. அமைச்சர் என்றால் ஆளுநர், எம்.எல்.ஏ. என்றால் பேரவைத் தலைவர். இரண்டுக்கும் மூன்று மாதம், காரணம் எழுதி இன்னும் ஒரு மாதம் என்று கெடு இருக்கிறது.

இதனால்தான் புகாரில் பரிந்துரையையும் பொய் அளவையும் தனித்தனித் தலைப்பில் எழுதச் சொல்கிறேன். போடாத 24 மீட்டரைப் போட்டதாக எழுதுவது ஒரு முடிவோ பரிந்துரையோ அல்ல, பொய்யான பதிவு. அந்தப் பகுதிக்காவது அனுமதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்று வாதிட இடமிருக்கும்.

மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை நினைவூட்டல் அனுப்புங்கள், அதையும் நோட்டில் ஏற்றுங்கள். அதன்பிறகும் பதில் இல்லையென்றால் சென்னை உயர் நீதிமன்றம், தென் மாவட்டம் என்றால் மதுரைக் கிளை. முதல் மனுவில் "வழக்குப் பதிவு செய்" என்று கேட்பதைவிட, "என் புகாரைப் பரிசீலித்து இத்தனை வாரத்தில் முடிவெடுக்க உத்தரவிடு" என்று கேட்பது கிடைப்பதற்கு எளிது. ஊழல் புகாரில் முதற்கட்ட விசாரணை செய்துவிட்டு வழக்குப் பதியலாம் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, அந்த முதற்கட்டமாவது நடந்ததா என்பதே உங்கள் முதல் கேள்வி.

காலம் பிடிக்கும், தெரிந்தே இறங்குங்கள். ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கு 1996-இல் கொடுத்த புகாரில் தொடங்கியது, தண்டனைத் தீர்ப்பு 2014 செப்டம்பரில், உச்ச நீதிமன்றத்தின் கடைசித் தீர்ப்பு 2017 பிப்ரவரியில். ஆனால் தண்டனை என்று ஒன்று வந்துவிட்டால் அதன் விளைவு உடனே வரும்: 2013 லில்லி தாமஸ் தீர்ப்புக்குப் பிறகு பதவி அன்றே போகிறது, ஊழல் தடுப்புச் சட்டத்தில் வெறும் அபராதம் விதித்தாலும் ஆறு ஆண்டு தேர்தலில் நிற்க முடியாது.

வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது கோப்பின் மேலே ஒரே ஒரு தாள் வையுங்கள்: தேதி, அனுப்பியது, யாருக்கு, வந்த பதில், இணைப்பு எண். முதல் படியில் வாங்கிய நோட்டிலிருந்து அதை எழுதி எடுக்க அரை மணி நேரம்தான் ஆகும், அவர் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.